ட்லால்பான் கோழி சூப்: சிபோட்லே புகைவாசமும் கொண்டைக்கடலையும்

மெக்சிகோவில் கோழி சூப் ஊருக்கு ஊர் மாறும். யுகாட்டான் பக்கம் போனால் லீமா என்ற எலுமிச்சை வகையும் பொரித்த டோர்ட்டியா (சோள ரொட்டி) துண்டுகளும் மிதக்கும் ‘சோபா தே லீமா’. கெரேரோவிலும் ஹாலிஸ்கோவிலும் சுண்ணாம்பு நீரில் வெந்து மலர்ந்த பெரிய சோளமணிகளோடு ‘பொசோலே’. இங்கே செய்யப் போவது மெக்சிகோ நகரத்தின் தெற்கே, அஹூஸ்கோ மலையடிவாரத்தில் இருக்கும் ட்லால்பான் பகுதியின் பெயரைத் தாங்கிய ‘கால்டோ ட்லால்பென்யோ’. தெளிந்த கோழிச் சாற்றில், புகையில் உலர்த்திய சிபோட்லே மிளகாயின் வாசம், கொண்டைக்கடலை, காய்கள், பிய்த்துப் போட்ட கறி, மேலே பட்டர் ஃப்ரூட் துண்டுகள், ஒரு பிழிவு எலுமிச்சை. ஒரு கிண்ணம் குடித்தாலே ஒரு வேளைச் சாப்பாடு முடிந்துவிடும்.

இதற்கு வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை நம் காய்கறிக் கடையிலேயே உண்டு. கொண்டைக்கடலை ஸ்பானியர்களோடு மெக்சிகோவுக்குப் போனது. நாம் பெங்களூர் கத்திரிக்காய் என்றும் சொல்லும் சௌசௌவுக்கோ மெக்சிகோ பக்கம்தான் தாய்வீடு. தேடி வாங்க வேண்டியது சிபோட்லே மட்டும்.

இந்த சூப் கெட்டுப்போவதற்கு முக்கியமான காரணம், எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிடுவது. சாறு தனி, மிளகாய்-தக்காளி விழுது தனி, கடலை தனி. மூன்றும் தயாரான பிறகுதான் ஒன்றுசேர வேண்டும். ஏன் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

வேண்டியவை (6 பேருக்கு)

சாற்றுக்கு: எலும்போடு கோழி 1.2 கிலோ, தண்ணீர் இரண்டரை லிட்டர், பெரிய வெங்காயம் பாதி, பூண்டு 4 பல், மிளகு 8, கொத்தமல்லித் தண்டு ஒரு சிறு கட்டு, உப்பு ஒன்றரை டீஸ்பூன்.

விழுதுக்கு: பழுத்த தக்காளி 400 கிராம், பெரிய வெங்காயம் பாதி, தோலுரிக்காத பூண்டு 3 பல், காய்ந்த சிபோட்லே 3 (டின்னில் வருவதென்றால் 2 மிளகாயும் அதன் சாந்து ஒரு டேபிள்ஸ்பூனும்), எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன்.

உள்ளே போட: வெள்ளைக் கொண்டைக்கடலை 150 கிராம், கேரட் 2, நடுத்தர சௌசௌ 1, பீன்ஸ் 150 கிராம், கிடைத்தால் எபசோட்டே கீரை ஒரு கொத்து.

பரிமாற: பட்டர் ஃப்ரூட் 2, எலுமிச்சை 3, பொடியாக நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லியும், பன்னீர் 150 கிராம், விருப்பம் இருந்தால் உதிரியாக வடித்த சோறு.

கோழி வாங்கும்போது குழம்புக்கு வெட்டுவதுபோலச் சின்னத் துண்டாக வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கத்தி பட்ட எலும்பெல்லாம் சில்லுசில்லாகச் சாற்றில் உதிரும். வடிகட்டினாலும் கறியோடு ஒட்டிக்கொண்டு வாயில் அகப்படும். தொடையோடு சேர்ந்த கால் இரண்டு, நெஞ்சு இரண்டு, இறக்கை, முதுகு, கழுத்து என்று மூட்டில் பிரித்த பெரிய துண்டுகள் போதும். தோலோடு கிடைத்தால் இன்னும் நல்லது. நிறத்துக்கும் மணத்துக்கும் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். கழுத்தும் காலும் கூடுதலாகக் கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். சாற்றுக்குக் கனம் கொடுப்பது அவைதான்.

முதல் நாள் இரவு: கடலை

கடலையை ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு 8 முதல் 10 மணி நேரம் ஊறவையுங்கள். உப்புப் போட்டால் கடலை வேகாது என்ற பேச்சு உண்டு. ஊறும் தண்ணீரில் உப்பு இருந்தால் தோல் இளகி, கடலை உடையாமல் ஒரே பதமாக வேகும். கெடுப்பது உப்பு இல்லை, புளிப்பும் கடின நீரும்தான். தக்காளிப் புளிப்பும், ஆழ்குழாய் நீரில் இருக்கும் கால்சியமும் கடலையின் செல்சுவரை இறுக்கிவிடும். கடலையைத் தனியே வேகவைக்கச் சொல்வது இதனால்தான். தக்காளி சேர்த்த சூப்பில் பாதி வெந்த கடலையைப் போட்டால், எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் ஒரு கட்டி நிற்கும். உங்கள் வீட்டுத் தண்ணீர் கடின நீர் என்றால் ஊறவைக்கும்போது கால் டீஸ்பூன் சமையல் சோடா சேருங்கள்.

மறுநாள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரும் அரை டீஸ்பூன் உப்பும் சேர்த்துக் குக்கரில் 5 அல்லது 6 விசில். ஆவி தானாக அடங்கட்டும். ஒரு கடலையை விரலால் நசுக்கினால் மாவாக மசிய வேண்டும். தோல் மட்டும் வழுக்கி, உள்ளே இரண்டாகப் பிளந்தால் இன்னும் 2 விசில். கடை அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த கடலை எத்தனை விசிலுக்கும் மசியாது. அதை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

சாறு

கோழித் துண்டுகளைப் பெரிய, ஆழமான பாத்திரத்தில் வைத்துப் பச்சைத் தண்ணீர் ஊற்றி மிதமான தீயில் ஏற்றுங்கள். கொதிக்கும் தண்ணீரில் கோழியைப் போடக் கூடாது. குளிர்ந்த நீரிலிருந்து மெல்லச் சூடேறும்போது கறியிலிருந்து வெளியேறும் புரதம் ஒன்றுதிரண்டு சாம்பல் நிற நுரையாக மேலே வரும், கரண்டியால் அள்ளிவிடலாம். வெந்நீரில் போட்டால் அது துகள்துகளாகச் சாற்றிலேயே கலந்துவிடும். சுமார் 20 நிமிடத்தில் நுரை கட்டும். இரண்டு மூன்று முறை அள்ளி எடுத்தபின் வெங்காயம், பூண்டு, மிளகு, கொத்தமல்லித் தண்டு, உப்பு சேருங்கள். முன்னாலேயே போட்டால் நுரையோடு அவற்றையும் அள்ள வேண்டிவரும்.

இனி தீயைக் குறைத்துவிடுங்கள். மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு குமிழ் எழுந்து உடைய வேண்டும். அதற்கு மேல் போனால் தீ அதிகம். தளதளவெனக் கொதித்தால் கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறித் தண்ணீரோடு கலந்து சாறு பால்போலக் கலங்கிவிடும். கலங்கிய சாற்றைப் பிறகு தெளியவைப்பது பெரிய வேலை. நாக்கிலும் அது பிசுபிசுக்கும்.

குமிழ் விடத் தொடங்கி 20 முதல் 25 நிமிடத்தில் நெஞ்சுக் கறி வெந்திருக்கும். உணவு வெப்பமானி இருந்தால் தடித்த இடத்தில் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். இல்லையென்றால் கத்தியால் குத்திப் பாருங்கள், தெளிந்த நீர் வர வேண்டும், ரோஸ் நிறம் தெரியக் கூடாது. நெஞ்சை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். காலும் தொடையும் 40 நிமிடம் வரை இருக்கட்டும். எல்லாம் சேர்ந்து வேகட்டும் என்று விட்டால், கால் பதமாகும் நேரத்தில் நெஞ்சு வைக்கோலாகிவிடும். ‘சூப்பில் போட்ட சிக்கன் சக்கைதான்’ என்ற எண்ணம் வருவதே இப்படித்தான்.

கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கறியை எலும்பிலிருந்து பிரித்து, நார் போகும் திசையிலேயே விரல் அகல இழைகளாகப் பிய்த்துக்கொள்ளுங்கள். நூலாகப் பிய்க்க வேண்டாம், உலர்ந்துவிடும். இரண்டு கரண்டிச் சாற்றை மேலே ஊற்றி மூடி வையுங்கள். எலும்பும் தோலும் மீண்டும் பாத்திரத்துக்குப் போய் இன்னும் 45 நிமிடம் அதே சிறு தீயில் கிடக்கட்டும். பிறகு வடிகட்டுங்கள். சுமார் 2 லிட்டர் கிடைக்கும். குறைந்தால் வெந்நீர் சேர்த்துக்கொள்ளலாம்.

மேலே மிதக்கும் கொழுப்பை முழுவதுமாக எடுத்துவிடாதீர்கள். இரண்டு டேபிள்ஸ்பூன் அளவு நிற்கட்டும். மிளகாயின் சிவப்பும் காரமும் கொழுப்பில் கரைபவை. கொழுப்பே இல்லாத சாற்றில் நிறம் மங்கும், காரம் தொண்டையில் மட்டும் குத்தும்.

குக்கரில் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் ஒவ்வொரு விசிலுக்கும் உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்கிச் சாறு கொந்தளிக்கும். கலங்கலுக்கு அது போதும். நெஞ்சுக் கறியைத் தனியே வேகவைத்துக்கொண்டு, மற்றத் துண்டுகளை நுரை எடுத்தபின் மூடி, முதல் விசில் வந்ததும் தீயை அடியோடு குறைத்து 20 நிமிடம் வையுங்கள். ஆவி தானாக அடங்கியபின் திறங்கள்.

நாட்டுக்கோழி என்றால் கணக்கே வேறு. முற்றின கோழிக்குச் சிறு தீயில் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். ஊறிய கடலையை ஒரு மெல்லிய துணியில் கட்டி அதே சாற்றில் போட்டுவிடலாம்; இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகப் பதத்துக்கு வரும், கடலையிலும் கோழிச்சாறு ஊறும். தக்காளி இன்னும் சேராத கட்டம் என்பதால் கடலை இறுகாது. பொறுமை இருப்பவர்களுக்கு இதுதான் உயர்ந்த வழி.

ஒரு வேண்டுகோள்: பட்டை, கிராம்பு, இஞ்சி, மஞ்சள் எதுவும் வேண்டாம். நம் பிரிஞ்சி இலைகூட வேண்டாம், அதில் பட்டையின் வாசம் இருக்கிறது. கை பழக்கத்தில் போட்டுவிட்டால் சூப் நன்றாகவே இருக்கும், ஆனால் சிபோட்லேயின் புகைவாசம் எங்கே போனது என்று தேட வேண்டிவரும்.

சிபோட்லே

செடியிலேயே சிவக்கப் பழுத்த ஹாலபென்யோ மிளகாயைப் புகையில் நாள்கணக்கில் உலர்த்தினால் சிபோட்லே. சதைப்பற்று அதிகம் என்பதால் ஹாலபென்யோ வெறும் வெயிலில் சரியாகக் காயாது. புகையில் காயவைக்கும் பழக்கம் அதற்கு நன்றாகப் பொருந்தியது. கடையில் இரண்டு வகை வரும். ‘மோரிட்டா’ சிறியது, கருஞ்சிவப்பு, லேசான பழவாசம். ‘மெக்கோ’ பெரியது, சுருட்டு இலை நிறம், புகை தூக்கலாக இருக்கும். இந்த சூப்புக்கு இரண்டும் சரி. மெக்கோ என்றால் 2 போதும். ‘அடோபோ’ என்ற சாந்தில் ஊறி டின்னில் வருவதில் வினிகர் உண்டு, எனவே கடைசியில் எலுமிச்சையைக் குறைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சியதை டின்னிலேயே வைக்காமல் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு மிளகாயாகத் தனித்தனியே உறையவைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் பயன்படும்.

சிபோட்லே கிடைக்கவே இல்லையென்றால் 4 காஷ்மீரி மிளகாயோடு ஒரு டீஸ்பூன் புகையூட்டிய பாப்ரிகா பொடி. அதுவும் இல்லாவிட்டால் காஷ்மீரி மிளகாயை மட்டும் அரைத்து விழுதை வதக்கி முடித்தபின், அதன் நடுவில் ஒரு சின்னக் கிண்ணம் வைத்து, கனன்ற கரித்துண்டு ஒன்றைப் போட்டு, மேலே நாலு சொட்டு எண்ணெய் விட்டு உடனே மூடுங்கள். 3 நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் கரி வாடை அடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். காய்ந்த மிளகாயை அடுப்பில் கருக்கினால் புகைவாசம் வரும் என்று நினைக்க வேண்டாம், வருவது கசப்பு.

விழுது

தக்காளி தேர்வில் கவனம் வேண்டும். நாட்டுத் தக்காளி புளிப்பும் நீரும் அதிகம். கெட்டியான சதையுள்ள, நீளவாக்கிலான பெங்களூர் தக்காளிதான் மெக்சிகோவில் போடும் வகைக்கு நெருக்கம்.

அங்கே ‘கோமால்’ என்ற தட்டையான கல்லில் தக்காளி, வெங்காயம், பூண்டு மூன்றையும் எண்ணெய் இல்லாமல் சுடுவார்கள். நம் தோசைக்கல் அதே வேலையைச் செய்யும், ஆனால் தினமும் தோசை வார்க்கும் பழகிய இரும்புக் கல்லை இதற்கு எடுக்காதீர்கள். தக்காளிச் சாறு வழிந்தால் அதன் புளிப்பு கல்லின் எண்ணெய்ப் பூச்சைத் தின்றுவிடும். மறுநாள் தோசை ஒட்டும். சப்பாத்திக் கல்லோ பழைய வாணலியோ போதும். நான்ஸ்டிக்கும் வேண்டாம், வெறுமனே இவ்வளவு சூடாக்க அது ஏற்றதில்லை.

கல் நன்றாகக் காய்ந்ததும் முழுத் தக்காளி, தடிப்பாக வட்டமாக அரிந்த வெங்காயம், தோலோடு பூண்டு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். பூண்டு 6, 7 நிமிடத்தில் மெத்தென்று ஆகிவிடும், எடுத்துவிட்டுத் தோலை உரியுங்கள். தக்காளித் தோலில் அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, தோல் வெடித்து, உள்ளே குழையும்வரை 10, 12 நிமிடம் ஆகும். முழுக்கக் கருகக் கூடாது. புள்ளிபுள்ளியாகக் கருத்தால் இனிப்பு, போர்வையாகக் கருத்தால் கசப்பு. ஒட்டிய கரியில் பாதியை நீக்கினால் போதும்.

காய்ந்த சிபோட்லேயின் காம்பைக் கிள்ளி, விதையை உதறி, அதே கல்லில் பக்கத்துக்கு 10 விநாடி மட்டும் அழுத்தி எடுங்கள். மணம் கிளம்பியதுமே எடுத்துவிட வேண்டும். பிறகு வெந்நீரில் 20 நிமிடம் ஊறட்டும். ஊறிய நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசக்காவிட்டால் அரைக்கும்போது சேர்க்கலாம், கசந்தால் கொட்டிவிடுங்கள். டின் மிளகாய்க்கு இந்த வேலையெல்லாம் இல்லை, நேரே அரைக்கலாம்.

எல்லாவற்றையும் ஆறவிட்டு மிக்ஸியில் அரைத்து, கம்பிச் சல்லடையில் கரண்டியால் தேய்த்து வடிகட்டுங்கள். சூடாக அரைத்தால் ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும். வடிகட்டுவதைத் தவிர்க்காதீர்கள்: சிபோட்லேயின் தோல் எவ்வளவு அரைத்தாலும் சிறு தகடுகளாக நிற்கும், தெளிந்த சூப்பில் அது தொண்டையில் ஒட்டும்.

இனிதான் முக்கியமான கட்டம். அடி கனத்த பாத்திரத்தில் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெயை நன்றாகக் காயவிட்டு (அங்கே பன்றிக் கொழுப்பும் உண்டு), விழுதை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். சடசடவென்று தெறிக்கும், கையில் மூடி தயாராக இருக்கட்டும். மிதமான தீயில் 7, 8 நிமிடம் கிளறினால் இளஞ்சிவப்பு செங்கல் நிறமாகும். கரண்டியால் நடுவில் கோடு இழுத்தால் அடிப்பாகம் ஒரு நொடி தெரிய வேண்டும், ஓரத்தில் எண்ணெய் கசிய வேண்டும். விழுதைப் பச்சையாகவே சாற்றில் கலந்துவிட்டால் என்ன ஆகும்? தக்காளியின் பச்சை வாடை போகாது, மிளகாயின் நிறம் கொழுப்பில் இறங்காது, சூப் தக்காளி ரசம்போல நீர்த்து நிற்கும். மெக்சிகோவில் வீட்டுச் சமையல் அறிந்தவர்கள் இந்த வதக்கலை ஒருபோதும் விடமாட்டார்கள்.

ஒன்றுசேர்த்தல்

வதங்கிய விழுதில் சூடான சாற்றை ஊற்றுங்கள். முதலில் விழுதில் முக்கால் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, கால் பங்கைத் தனியே எடுத்து வைப்பது நல்லது. சிபோட்லேயின் காரம் மிளகாய்க்கு மிளகாய் மாறும். 10 நிமிடம் கொதித்து இரண்டும் கலந்தபின் ருசி பாருங்கள். மீதி விழுது வேண்டுமா என்பது அப்போது தெரியும்.

பிறகு காய்கள், வேகும் நேரப்படி. அரை அங்குலத் துண்டாக அரிந்த கேரட் முதலில். 4 நிமிடம் கழித்து, தோல் சீவி விதை நீக்கிய சௌசௌ. இன்னும் 3 நிமிடம் கழித்து, ஒரு அங்குலமாக நறுக்கிய பீன்ஸும் வெந்த கடலையும் எபசோட்டேயும். அதிலிருந்து 8 நிமிடம். சௌசௌவைச் சீவும்போது கையில் பிசினாக ஒட்டும் பால் உறுத்துகிறது என்றால் குழாய்த் தண்ணீருக்குக் கீழே பிடித்துச் சீவுங்கள். சௌசௌ இல்லாவிட்டால் சுக்கினி போடலாம். அதற்கு 4 நிமிடமே மிகுதி.

எபசோட்டே என்பது கூர்மையான, கிட்டத்தட்ட மருந்துபோன்ற வாசம் உள்ள கீரை. அதற்கு மாற்று இல்லை. கொத்தமல்லி வேறு வாசம், ஆனால் அதுவும் இந்த சூப்பில் இயல்பாகச் சேர்வதுதான். எபசோட்டே இல்லையென்றால் கொத்தமல்லியைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டுப் போகலாம்.

அடுப்பை அணைக்கும் முன் உப்பைச் சரிபாருங்கள். கடலையும் காயும் உப்பை இழுத்திருக்கும், பெரும்பாலும் அரை டீஸ்பூன் கூடுதலாகத் தேவைப்படும். காரம் மிஞ்சிவிட்டால் சாறும் கடலையும் சேருங்கள். சர்க்கரை போட்டு மறைக்கப் பார்த்தால் சூப் திகட்டும்.

பரிமாறும் விதம்

கிண்ணத்தின் அடியில் இரண்டு ஸ்பூன் சோறு (வேண்டுமானால்), அதன்மேல் கறி, பிறகு ஆவி பறக்கச் சாறும் காயும் கடலையும். கறியைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட வேண்டாம், சூடான சாறு பட்டாலே போதும். பட்டர் ஃப்ரூட்டும் அப்படித்தான்: கொதித்தால் கசக்கும். கிண்ணத்தில் ஊற்றியபின் மேலே வையுங்கள். கட்டைவிரலால் காம்புப் பக்கம் அழுத்தினால் லேசாக அமுங்கும் பழம்தான் பதம். மெக்சிகோவின் பனேலா சீஸ் சூட்டில் உருகாது. பன்னீரும் உருகாது என்பதால் சிறு சதுரங்களாகத் தாராளமாகப் போடலாம். வெங்காயம், கொத்தமல்லி, பிறகு எலுமிச்சை. அங்கே சூப்புக்குப் பிழியும் சின்ன எலுமிச்சையும் நம் எலுமிச்சையும் ஒரே இனம், எனவே அளவில் குழப்பம் இல்லை: ஆளுக்கு அரை மூடி. அவரவர் கிண்ணத்தில்தான் பிழிய வேண்டும், பாத்திரத்தில் பிழிந்து கொதிக்கவைத்தால் மணம் பறந்துவிடும்.

தொட்டுக்கொள்ளச் சூடான சோள டோர்ட்டியா. நம் கடையில் விற்கும் மக்காச்சோள மாவில் அதைத் தட்ட முடியாது, விரிந்து உடையும். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த சோளத்தின் மாவுதான் ஒட்டும். ‘மாசா ஹரினா’ என்ற பெயரில் கிடைக்கும்.

மிஞ்சினால்

இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பாத்திரத்தைக் குளிர்ந்த நீர் நிரம்பிய தொட்டியில் நிறுத்தினால் சீக்கிரம் ஆறும். கறியைத் தனி டப்பாவில் கொஞ்சம் சாறு ஊற்றி வையுங்கள். 3 நாள் தாங்கும். மறுநாள் புகைவாசமும் காரமும் ஒரு படி ஏறியிருக்கும், கடலை சாற்றைக் குடித்திருக்கும்; சூடாக்கும்போது ஒரு கப் தண்ணீரோ வெறும் சாறோ சேர்த்து நன்றாகக் கொதிக்கவையுங்கள். உறையவைப்பதென்றால் சாறும் வதக்கிய விழுதும் இரண்டு மூன்று மாதம் நன்றாக இருக்கும், கடலையும் தாங்கும். சௌசௌவும் பீன்ஸும் உறைந்து இளகினால் கூழாகிவிடும், அவற்றை அன்றன்றைக்குப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.